நான்கு வாட்டில் எவ்வளவு தூரம்? வாகனத்தில் பொருத்தும் சி.பி. ரேடியோவைப் பற்றி

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டுநர்களும், செல்பேசிக் கோபுரம் எட்டாத மலைப்பாதைகளில் ஜீப்பிலும் பிக்கப்பிலும் போகிறவர்களும் இன்றும் தமக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்துகிற சி.பி. (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோ, ஏ.எம். முறையில் 4 வாட்டுக்கு மேல் அலைபரப்பக் கூடாது என்பது அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் விதி. மலிவான கருவியானாலும் விலை உயர்ந்த கருவியானாலும் இந்த உச்சவரம்பு ஒன்றுதான். அப்படியிருந்தும் ஒருவருடைய வண்டியிலிருந்து பேசினால் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சொல் பிடிபடுவதில்லை. அதே கருவியை வைத்திருக்கும் இன்னொருவரின் குரல் பதினைந்து கிலோமீட்டர் தொலைவிலும் தெளிவாகக் கேட்கிறது. வேறுபாடு கருவிக்குள் இல்லை, வண்டியில் இருக்கிறது. ஆன்டெனா நிற்கும் இடமும், அதற்குக் கீழே உள்ள இரும்புப் பரப்பும், வண்டியே உண்டாக்கும் மின் இரைச்சலும்தான் எட்டும் தூரத்தை முடிவு செய்கின்றன. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் பிக்கப்பில் நெடுந்தூரம் போகிற பழக்கம் உள்ளவன் என்ற முறையில், இவற்றைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

புதிதாகக் கருவி வாங்குகிற நண்பர்கள் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது வாட்டைப் பற்றித்தான். சக்தியைக் கூட்டித் தருகிற லீனியர் ஆம்ப்ளிஃபயர்கள் சில கடைகளில் கிடைப்பது உண்மை, சி.பி. அலைவரிசைப் பட்டையில் அவற்றைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்பதும் உண்மை. சட்டத்தை ஒரு கணம் ஒதுக்கிவிட்டு இயற்பியலை மட்டும் பார்த்தாலும் அந்தச் செலவு வீண் என்றே தோன்றுகிறது. சமவெளியில், தரையிலிருந்து அதிகம் உயராத இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையே போகிற அலையின் சக்தி, ஏறக்குறையத் தூரத்தின் நான்காம் மடிக்கு ஏற்பக் குறைந்துகொண்டே போகிறது. தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேருகிற சக்தி பதினாறில் ஒரு பங்காகிறது. ஆகவே 4 வாட்டை 8 வாட்டாக்கினால் 10 கிலோமீட்டராக இருந்தது 12 கிலோமீட்டரைக்கூட முழுமையாக எட்டாது. 20 கிலோமீட்டர் வேண்டுமென்றால் 64 வாட் தேவைப்படும். அப்போதும் அது பேசுவதற்கு மட்டுமே உதவும். எதிரில் 4 வாட்டில் பதில் சொல்கிறவரின் குரலை அந்த ஆம்ப்ளிஃபயர் நம் காதுக்குக் கொண்டுவந்துவிடப் போவதில்லை. ஆன்டெனாவைச் சரிசெய்வதால் கிடைக்கும் பயனோ பேசுவதற்கும் கேட்பதற்கும் சமமாகக் கிடைக்கிறது. என் கவனம் முழுவதும் அந்தப் பக்கம் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

முதலில் நிலத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்துக்கொண்டு அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், அந்த உயரத்திலிருந்து ரேடியோ அலைக்குக் கிடைக்கிற தொடுவானத் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். இரண்டு வண்டிகளுக்கும் உரிய தூரங்களைக் கூட்டிக்கொள்ளலாம். இரண்டிலும் ஆன்டெனா இரண்டரை மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 13 கிலோமீட்டர் வருகிறது. ஒருவர் மட்டும் 100 மீட்டர் உயரக் குன்றின் மேல் நின்றால் அது 48 கிலோமீட்டராகிறது. 27 மெகாஹெர்ட்ஸ் அலை தொடுவானத்தில் கத்தரித்தாற்போல் நின்றுவிடுவதில்லை, மேடுகளைச் சற்று வளைந்து கடக்கிற தன்மையும் அதற்கு உண்டு. என்றாலும் உயரத்துக்கு ஈடாக எந்தப் பொருளையும் கடையில் வாங்கிவிட முடியாது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

இதை நேரில் உணர்வதற்கு நெவாடா மாநிலத்தின் குறுக்கே போகும் யு.எஸ். 50 நெடுஞ்சாலையைப் போல நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. 1986ல் லைஃப் இதழ் அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை என்று பெயர் சூட்டிய சாலை அது. ஃபாலன் ஊருக்கும் ஆஸ்டின் ஊருக்கும் இடையே சுமார் 180 கிலோமீட்டர். அதற்குள் நகரம் என்று சொல்லத்தக்க ஒன்று கிடையாது. வடக்கு தெற்காக ஓடுகிற மலைத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அவற்றுக்கு இடையே அகன்ற, மரமற்ற, தட்டையான படுகைகள் கிடக்கின்றன. சாலை ஒவ்வொரு தொடரையும் ஒரு கணவாயில் ஏறிக் கடந்து, அடுத்த படுகைக்குள் இறங்கி, மறுபடி ஏறுகிறது. படுகைக்குள் இருக்கிற இரண்டு வண்டிகள் அதன் இரு ஓரங்களிலிருந்தும் பேசிக்கொள்ள முடிகிறது, ஏனென்றால் நடுவில் தடுப்பதற்கு எதுவும் இல்லை. மின்கம்பிகளும் தொழிற்சாலைகளும் குறைவென்பதால் இரைச்சலும் குறைவு. முன்னால் போகிற வண்டி கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கியதும் அதன் குரல் சில நிமிடங்களுக்குள் தேய்ந்து மறைந்துவிடுகிறது. அங்கே வாட்டையும் ஆன்டெனாவையும் பற்றிப் பேசிப் பயனில்லை, மலை மலைதான். கூட்டமாகப் போகிறவர்கள் ஒவ்வொரு கணவாயின் உச்சியிலும் சில நிமிடம் நின்று, பின்னால் வருகிறவர்களுக்கும் முன்னால் போனவர்களுக்கும் செய்தியைக் கைமாற்றிவிட்டு இறங்குவது மேல். செலவில்லாமல் கிடைக்கிற தூரம் இது ஒன்றுதான்.

இனி ஆன்டெனாவுக்கு வருகிறேன். அமெரிக்க சி.பி.யின் 40 சேனல்களும் 26.965 மெகாஹெர்ட்ஸிலிருந்து 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை பரவியிருக்கின்றன. 1958ல் இந்தப் பட்டையில் தொடங்கியபோது இருந்தவை 23 சேனல்கள். 1973ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு லாரிக்காரர்கள் வழியாக நாடெங்கும் பரவி நெரிசல் தாங்காமல் போனதால் 1977 ஜனவரி 1 முதல் 40 ஆக்கினார்கள். இதன் அலைநீளம் சுமார் 11 மீட்டர். வண்டிக்கு மேல் நேராக நிற்கிற ஆன்டெனா இயல்பாக இயங்க வேண்டுமானால் அது கால் அலை நீளம், அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் மீட்டர் இருக்க வேண்டும். 102 அங்குல எஃகுக் கம்பியும் அதன் அடியில் ஆறு அங்குல ஸ்பிரிங்குமாக விற்கப்படுகிற நெடிய ஆன்டெனா இந்த அளவுக்காகவே பிறந்தது. அதைவிடக் குட்டையான எல்லாமே, உள்ளே ஒரு கம்பிச் சுருளை வைத்து மின்னியல் ரீதியாக நீளமாக்கப்பட்டவை.

சுருளுக்கு ஒரு விலை உண்டு. முழுக் கால் அலைக் கம்பியின் அலைவீச்சுத் தடை, அதாவது சக்தி அலையாக வெளியேறுவதைக் குறிக்கிற தடை, 36 ஓம் அளவில் இருக்கும். ஒரு மீட்டர் நீளக் குட்டை ஆன்டெனாவில் அது நான்கைந்து ஓமுக்குள் இறங்கிவிடுகிறது. சுருளின் தடையும் வண்டி உடலின் தடையும் சேர்ந்து 12 ஓம், அலைவீச்சுத் தடை 4 ஓம் என்று வைத்துக்கொண்டால், கருவி தருகிற 4 வாட்டில் 3 வாட் வெப்பமாகவே போய், 1 வாட் மட்டுமே காற்றில் ஏறுகிறது. காந்த அடியோடு கூடிய அரை மீட்டர் ஆன்டெனாக்களின் நிலை இன்னும் மோசம். பெட்டியின் மேல் எத்தனை ஆயிரம் வாட் தாங்கும் என்று அச்சிட்டிருந்தாலும், அது அந்தச் சுருள் எரிந்துபோகாமல் தாங்கும் அளவு மட்டுமே. எவ்வளவு திறமையாக அலைபரப்பும் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. சுருள் அடியில் இருப்பதைவிட நடுவிலோ நுனியை ஒட்டியோ இருக்கிற ஆன்டெனாக்களில் மின்னோட்டம் கம்பியின் கூடுதல் நீளத்துக்குப் பரவுவதால், அதே உயரத்துக்கு அவை பொதுவாக நன்றாகப் பேசுகின்றன.

அப்படியானால் எல்லோரும் 102 அங்குலக் கம்பியையே மாட்டிவிடலாமே என்று தோன்றும். கூரையின் நடுவில் அதை நிறுத்தினால் ஒரு சாதாரண பிக்கப்பின் மொத்த உயரம் நாலரை மீட்டரைத் தொட்டுவிடுகிறது. பெட்ரோல் நிலையக் கூரையும் மரக்கிளையும் வாகன நிறுத்துமிடத்தின் விதானமும் அதை விட்டுவைக்காது. எனவே பெரும்பாலோர் அதைப் பின் பம்பரில் மாட்டுகிறார்கள். அங்கே அதன் கீழ்ப்பாதி வண்டியின் உடலை ஒட்டி நிற்கிறது. அலையை அதிகமாக வீசுகிற பகுதியும் அந்தக் கீழ்ப்பாதிதான். இரும்பின் மறைவில் நிற்கும் முழு நீளக் கம்பியைவிட, கூரைக்கு மேல் திறந்த வெளியில் நிற்கும் ஒன்றேகால் அல்லது ஒன்றரை மீட்டர் ஆன்டெனா பல வண்டிகளில் சிறப்பாகவே செயல்படுகிறது. குறைந்தது மூன்றில் இரண்டு பங்காவது கூரை மட்டத்துக்கு மேலே இருக்கும்படியும், சுருள் எங்கிருந்தாலும் அது இரும்பின் பக்கவாட்டில் மறையாதபடியும் பொருத்துவதே நான் கடைப்பிடிக்கிற அளவுகோல். என் தேர்வும் கூரையின் நடுவே நிற்கும் ஒன்றரை மீட்டர் ஆன்டெனாதான்.

கூரையின் நடுவை வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இவ்வகை ஆன்டெனாவின் மறுபாதி வண்டியின் உடல். கம்பியில் ஓடும் மின்னோட்டத்துக்கு இணையான மின்னோட்டம் அந்த இரும்புப் பரப்பில் ஓடியாக வேண்டும். எந்தத் திசையில் இரும்பு அதிகமாகப் பரந்திருக்கிறதோ அந்தத் திசையில் அலை சற்று வலுவாகப் போகும். இடது பின் மூலையில் மாட்டிய ஆன்டெனா வலது முன்பக்கமாக நன்றாகப் பேசும், பின்னால் வருகிறவரோடு பேசுவதில் தளரும். கூட்டத்தின் தலைவண்டியை ஓட்டுகிறவருக்கு இது சிறிய விஷயமல்ல. பெரிய லாரிகளில் இரு பக்கக் கண்ணாடிகளிலும் ஒவ்வொரு ஆன்டெனா நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாக இருப்பதால் தூரம் இரட்டிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. இரண்டும் சேர்ந்து முன்னும் பின்னும் அலையைக் குவிக்க வேண்டுமானால் அவற்றுக்கிடையே கால் அலை, அதாவது ஒன்பது அடி இடைவெளியாவது வேண்டும். பிக்கப்பிலோ காரிலோ அந்த அகலமே கிடையாது. லாரியில் இரட்டை ஆன்டெனாவின் உண்மையான பயன், ஒரு பக்கக் கண்ணாடியில் மட்டும் மாட்டினால் மறுபக்கம் உடலும் ட்ரெய்லரும் மறைக்கிற பகுதியை நிரப்புவது. காருக்கு ஒன்றே போதும், அதையும் நல்ல இடத்தில் வைத்தால் போதும்.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுகிற பகுதிக்கு வந்திருக்கிறேன். நம்மூர் மெக்கானிக்குகள் பாடி எர்த் என்று சொல்வார்களே, அது சரியாக இல்லாத வண்டியில் எந்த ஆன்டெனாவும் தன் வேலையைச் செய்வதில்லை. ஆன்டெனா நிற்கும் பிராக்கெட் இரும்பாக இருப்பதால் எர்த் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. பிராக்கெட்டுக்கும் உடலுக்கும் நடுவே பெயின்ட் இருக்கிறது, ரப்பர் இருக்கிறது, சில வண்டிகளில் பிளாஸ்டிக்கே இருக்கிறது. கதவிலோ பின்கதவிலோ மாட்டினால், கீல்களின் கிரீஸைத் தாண்டித்தான் மின்னோட்டம் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு (சேசிஸ்) போக வேண்டும். இன்றைய பெரிய லாரிகளின் முகப்பும் கண்ணாடிச் சட்டங்களும் பெரும்பாலும் இரும்பல்லாத கலவைப் பொருள்களால் ஆனவை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிராக்கெட்டிலும் மறுமுனையை பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்து அளந்தால் ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பெயின்டைச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் வைத்து இறுக்கி, அகலமான செம்புப் பின்னல் பட்டையால் பிராக்கெட்டைச் சட்டத்தோடு இணைக்க வேண்டும். மெல்லிய வயரைவிடப் பட்டையான பின்னல் சிறந்தது. உயர் அதிர்வெண் மின்னோட்டம் பரப்பில்தான் ஓடுகிறது. அதே பட்டையால் பானெட்டையும், பிக்கப்பின் பின்தொட்டியையும், புகைக்குழாயையும் சட்டத்தோடு கட்டிவிட்டால் பரப்பும் கூடுகிறது, பின்னால் சொல்லப்போகிற இரைச்சலும் குறைகிறது.

காந்த அடி ஆன்டெனாக்கள் பெயின்டின் வழியாக, தொடாமலேயே, மின்தேக்கி போலக் கூரையோடு இணைகின்றன. அதனால் அடி எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. 2015 முதல் வருகிற ஃபோர்டு எஃப்-150 போன்ற அலுமினிய உடல் வண்டிகளில் காந்தம் ஒட்டாது. ஆனால் அலுமினியம் நல்ல மின்கடத்தியாதலால் துளையிட்டோ பிராக்கெட் வைத்தோ பொருத்தினால் குறையொன்றும் இல்லை. ஃபைபர் உடல் கொண்ட வண்டிகளுக்கு மட்டும், எர்த் தேவைப்படாத வகையில் கேபிளோடு சேர்த்தே வடிவமைத்த தனி ஆன்டெனாத் தொகுதிகள் உண்டு; அவற்றைச் சாதாரண ஆன்டெனாவோடு கலந்து பயன்படுத்தக் கூடாது.

ஆன்டெனாவை நிறுத்திய பிறகு, சக்தி எவ்வளவு ஏற்கப்படாமல் கருவிக்குத் திரும்புகிறது என்பதைக் காட்டுகிற எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரால் அளந்து நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். கட்டடங்களும் மின்கம்பிகளும் இல்லாத திறந்தவெளியில், கதவுகளை மூடிக்கொண்டு, ஆட்களை விலகி நிற்கச் சொல்லி, சேனல் 1, 20, 40 ஆகிய மூன்றிலும் அளந்தால் போதும். யாரும் பேசவில்லை என்று கேட்டுறுதி செய்துகொண்டு சில நொடிகள் மட்டும் பட்டனை அழுத்தினால் போதுமானது. சேனல் 40ல் அளவு அதிகமானால் ஆன்டெனா நீளம், குறைக்க வேண்டும். சேனல் 1ல் அதிகமானால் குட்டை, நீட்ட வேண்டும். மூன்றிலும் 3க்கு மேல் போனால் நீளத்தைத் தொடவே வேண்டாம். எர்த் இல்லை, அல்லது ஆன்டெனா திருகி நிற்கும் போல்ட்டான ஸ்டட்டின் நைலான் வாஷர் விட்டுப்போய் நடுக்கம்பி உடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் தொடர்ந்து பேசினால் கருவியின் வெளியீட்டு டிரான்சிஸ்டர் பாழாகலாம். 1.5 என்றால் திரும்பி வரும் சக்தி 4 சதவீதம்தான். 2 என்றால் 11 சதவீதம். எனவே 1.4 என்ற அளவை 1.1 ஆக்குவதற்காக ஒரு நாள் முழுவதையும் செலவிடுவதில் பொருளில்லை.

அதைவிட ஆழமான ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். எஸ்.டபிள்யூ.ஆர். குறைவாக இருப்பதால் மட்டும் ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. நல்ல எர்த் உள்ள முழுக் கால் அலைக் கம்பியின் தடை 36 ஓம். 50 ஓம் கேபிளோடு அது 1.4 காட்டும். அதே கம்பியை எர்த் சரியில்லாத வண்டியில் வைத்து, எர்த்தின் தடையாக 14 ஓம் சேர்ந்தால் மொத்தம் 50 ஓமாகி மீட்டர் மிகச் சரியாக 1 என்று காட்டும். ஆனால் சக்தியில் 28 சதவீதம் துருவையும் பெயின்டையும் சூடாக்குவதில் போய்விட்டிருக்கும். மீட்டர் சொல்வது கருவியின் பாதுகாப்பைப் பற்றியது. எட்டும் தூரத்தைப் பற்றி அது நேரடியாக எதையும் சொல்வதில்லை. கடைகளில் ஆன்டெனாவை மாட்டித் தருகிறவர்கள் மீட்டரைக் காட்டிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிற விஷயம்.

கேபிளைப் பற்றி நீண்ட விவாதங்கள் நடக்கின்றன, அவ்வளவுக்கு அதில் விஷயமில்லை. 18 அடிதான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் பரவலாக உண்டு. ஆன்டெனாவும் எர்த்தும் ஒழுங்காக இருந்தால் கேபிளின் நீளம் எஸ்.டபிள்யூ.ஆரை மாற்றாது; எர்த் சரியில்லாதபோது கேபிளின் வெளிப்பின்னலே ஆன்டெனாவின் ஒரு பகுதியாகிவிடுவதால்தான் நீளத்துக்கு ஏற்ப அளவு மாறுகிறது. நீளம் மாறும்போது மீட்டரின் அளவு பெரிதும் மாறினால் அதை எர்த்தைப் பற்றிய எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆர்ஜி-58 வகையில் 18 அடிக்கு ஏற்படுகிற இழப்பு அரை டெசிபலைத் தாண்டாது. கதவிடுக்கில் நசுங்காமலும், பிஎல்-259 இணைப்பு முறையாக ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டும் இருந்தால் கேபிளை மறந்துவிடலாம்.

பலரும் கவனிக்காமல் விடுவது இரைச்சலை. எதிரில் இருப்பவரின் குரல் நம் ஆன்டெனாவுக்கு வந்து சேர்ந்திருந்தும், நம் வண்டியே எழுப்புகிற இரைச்சலுக்கு அடியில் அது புதைந்துவிட்டால் வராததற்குச் சமம். கல்யாணப் பந்தலில் ஒலிபெருக்கிக்கு அருகில் உட்கார்ந்துகொண்டு எதிர் வரிசையில் இருப்பவர் பேசுவதைக் கேட்க முயல்வது போன்ற நிலை அது. இரைச்சலை 6 டெசிபல் குறைத்தால், மேலே சொன்ன நான்காம் மடிக் கணக்கின்படி, கேட்கிற தூரம் 40 சதவீதம் கூடுகிறது. நான்கு மடங்கு வாட் தரக்கூடிய பலன் இது. சில டாலர் செலவில், சட்டத்தை மீறாமல் கிடைக்கிறது.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பொறுமையாகத் தேட வேண்டும். இன்ஜினை நிறுத்தி, சாவியையும் எடுத்துவிட்டு, யாரும் பேசாதபோது இரைச்சலை அடக்கி வைக்கிற ஸ்கெல்ச் குமிழை முழுவதும் திறந்து வைத்துக் கேட்பது அடிப்படை அளவு. அதற்கு மேல் கூடுவதெல்லாம் வண்டியின் கைங்கரியம். சாவியைத் திருப்பியதும் தொடர்ச்சியான முனகல் எழுந்தால் எரிபொருள் பம்ப். ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்ப ஏறி இறங்குகிற ஊளை ஆல்டர்னேட்டர். வேகத்தோடு நெருங்கி வருகிற டிக் டிக் ஒலி பெட்ரோல் இன்ஜினின் தீப்பொறி. எதற்கும் அசையாமல் ஒரே சீராக இரைகிற சத்தம் இந்நாளில் பெரும்பாலும் செல்பேசி சார்ஜரிலிருந்தோ, டாஷ் கேமராவின் மின்மாற்றியிலிருந்தோ, பின்னர் மாட்டிய எல்.இ.டி. விளக்குப் பட்டையிலிருந்தோ வருகிறது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் குற்றவாளி எதுவென்று தெரிந்துவிடும். மலிவான யு.எஸ்.பி. சார்ஜர் ஒன்றைக் கழற்றிய மாத்திரத்தில், வந்து சேரும் அலையின் வலுவைக் காட்டுகிற எஸ் மீட்டரின் முள் கீழே விழுவதைப் பார்ப்பது, புதுக் கருவி வாங்குவதைவிட எனக்கு நிறைவளிக்கிறது. கழற்ற முடியாதவற்றின் வயரில் இரைச்சலைத் தடுக்கிற மிக்ஸ் 31 வகை ஃபெரைட் வளையத்தை வைத்து, அதற்குள் வயரைப் பல சுற்றுகள் சுற்றிவிடலாம். மின்சார வண்டிகளிலும் ஹைப்ரிட் வண்டிகளிலும் இந்தச் சிக்கல் இன்னும் கடினம். மின் இடையூறைக் காரணம் காட்டிச் சில நிறுவனங்கள் தம் மின்சாரக் கார்களிலிருந்து ஏ.எம். வானொலியையே நீக்கியிருக்கின்றன.

கருவிக்கான மின்சாரத்தைச் சிகரெட் லைட்டர் துளையிலிருந்து எடுப்பதைத் தவிர்த்து, தடித்த வயரில் நேரே பேட்டரியிலிருந்து கொண்டுவருவது இரைச்சலையும் குறைக்கிறது, மின்னழுத்தம் 13.8 வோல்ட்டை ஒட்டி இருக்கவும் உதவுகிறது. பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ் வைக்க மறக்கக் கூடாது. நெகட்டிவ் முனையில் மின்னோட்ட உணர்வி பொருத்திய புதிய வண்டிகளில் மட்டும், கறுப்பு வயரை அந்த முனையில் கட்டாமல், பேட்டரியின் எர்த் வயர் உடலோடு சேருகிற போல்ட்டில் கட்டுவது முறை.

பேசுகிற விதத்துக்கும் இதில் இடமுண்டு. ஏ.எம். அலையில் 4 வாட் என்பது குரலைச் சுமந்து செல்லும் தாங்கு அலையின் அளவு. அந்த அலை தன்னளவில் எந்தச் செய்தியையும் கொண்டுபோவதில்லை. குரல் முழுதும் அதன் இரு பக்கப் பட்டைகளில் இருக்கிறது. மைக்கை மடியில் வைத்துக்கொண்டு மெல்லப் பேசினால், எதிரில் இருப்பவரின் மீட்டரில் முள் ஏறும், சொல் கேட்காது. வாயிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி, சற்றுச் சாய்வாகப் பிடித்து, ஜன்னலை மூடிக்கொண்டு, இயல்பான குரலில் திருத்தமாகப் பேசுவது போதும். கத்துவதாலும் ஒலியைப் பெருக்கும் மைக்குகளைத் திருகி ஏற்றுவதாலும் குரல் சிதைந்து பக்கத்துச் சேனல்களில் சிந்துகிறதே ஒழிய தூரம் கூடுவதில்லை.

உடன் வருகிற எல்லோரிடமும் எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப் பட்டை) வசதியுள்ள கருவி இருந்தால் அதற்கு மாறிவிடுவதை உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். தாங்கு அலையையும் ஒரு பக்கப் பட்டையையும் நீக்கிவிட்டு, எஞ்சிய ஒரே பட்டையில் உச்சமாக 12 வாட் வரை செலுத்த எஃப்.சி.சி.யே அனுமதிக்கிறது, கேட்கிற கருவியும் பாதி அகலத்துக்கு மட்டுமே காது கொடுப்பதால் இரைச்சலும் பாதியாகிறது. ஏ.எம்.மில் கரைந்துபோன குரல் எஸ்.எஸ்.பி.யில் புரிகிற அளவுக்கு மீண்டு வருகிறது. குரல் கீச்சென்றோ கரகரவென்றோ கேட்டால், அதிர்வெண்ணை நுணுக்கமாக நகர்த்துகிற கிளாரிஃபையர் குமிழை மெல்லத் திருப்பிச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஓட்டுகிறவரைவிடப் பக்கத்தில் இருப்பவர் அதைச் செய்வதே பாதுகாப்பு. 2021ல் எஃப்.எம். முறைக்கும் அனுமதி கிடைத்தது. அருகருகே போகிற வண்டிகளுக்கு இரைச்சலற்ற இனிய ஒலியைத் தருகிறது, ஆனால் எட்டும் தூரத்தின் விளிம்பில் அது திடீரெனக் கைவிட்டுவிடுவதால் தூரத்துக்காக அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். லாரி ஓட்டுநர்களின் சேனல் 19ல் பேச வேண்டுமானால் ஏ.எம். தவிர வேறு வழியில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் சில நாள்களில் இரண்டு கிலோமீட்டருக்குக்கூடப் பேச முடியாமல் போகும். சூரியனின் செயல்பாடு மிகுந்த ஆண்டுகளில் பகல் நேரத்தில் 27 மெகாஹெர்ட்ஸ் அலை வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இறங்குகிறது. கோடையில் அதற்குக் கீழுள்ள மற்றோர் அடுக்கும் இதைச் செய்கிறது. நடப்புச் சூரியச் சுழற்சி உச்சக் கட்டத்தை எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசாவும் அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவும் அறிவித்தன. அத்தகைய பகல்களில் நாட்டின் மறுகோடியிலிருந்து வரும் எண்ணற்ற குரல்கள் ஒன்றோடொன்று மோதி ஒரே சீழ்க்கையாகக் கேட்கும். 250 கிலோமீட்டருக்கு அப்பால் பேசக் கூடாது என்றிருந்த பழைய விதியை 2017ல் நீக்கிவிட்டதால், விருப்பமுள்ளவர்கள் அந்தத் தொலைதூரக் குரல்களோடு பேசி மகிழலாம். பக்கத்து வண்டியோடு பேச வேண்டியவர்கள் கருவியின் கேட்கும் கூர்மையான ஆர்.எஃப். கெயினைக் குறைத்து, கூட்டம் குறைந்த சேனலுக்கு மாறி, வண்டிகளுக்கிடையே இடைவெளியைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆன்டெனாவைக் குறை சொல்லி அதைக் கழற்றத் தொடங்கிவிடக் கூடாது.

செய்த மாற்றம் பலன் தந்ததா என்று அறிவதற்குக் காலியான பெரிய வாகன நிறுத்துமிடம் போதும். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு நண்பரைத் தன் வண்டியோடு நிறுத்தி, மெதுவாக வட்டமடித்தபடி, எட்டுத் திசைகளிலும் அவருடைய எஸ் மீட்டர் காட்டும் அளவைச் சொல்லச் செய்து குறித்துக்கொள்ள வேண்டும். மாற்றத்துக்கு முன்பும் பின்பும், அதே இடத்தில், அதே நேரத்தில் இதைச் செய்தால் எந்தத் திசை பலவீனம் என்பது தெரிந்துவிடுகிறது. மீட்டரின் ஓர் அலகு ஏறினால் ஏறக்குறைய நான்கு மடங்கு சக்தி கூடியதாகக் கொள்ளலாம். பல கருவிகளின் மீட்டர் அவ்வளவு துல்லியமானதல்ல என்பதால் ஒரே நண்பரின் ஒரே கருவியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே நம்பகமானது.

பனி பெய்யும் மாநிலங்களில் குளிர்காலம் முழுவதும் சாலையில் தெளிக்கப்படும் உப்புக் கரைசல் பின்னல் பட்டைகளையும் போல்ட்டுகளையும் ஓசையின்றி அரித்துவிடுகிறது. வசந்தம் வந்ததும் பிராக்கெட்டின் எர்த்தை மல்டிமீட்டரால் மறுபடி அளந்து, இணைப்புகளைக் கழற்றித் துடைத்து, தேவைப்பட்டால் பட்டையை மாற்றி, காந்த அடியாக இருந்தால் அதைத் தூக்கி அடியில் சேர்ந்த இரும்புத் தூளையும் மண்ணையும் துடைத்துவிட வேண்டும். ஆன்டெனாப் பக்க இணைப்பைத் திறக்கும்போது கேபிளின் செம்புப் பின்னல் கறுத்துப் போயிருந்தால் உள்ளே நீர் ஏறிவிட்டது என்று பொருள். நுனியை மட்டும் வெட்டி ஒப்பேற்றாமல் கேபிளையே மாற்றி, புதிய இணைப்பின் மேல் நீர் புகாத ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றிவிடுவது நல்லது.